நூற்றுப்பத்து காது வில்லைகள்

டெல்வின் ஹாகனின் வலது முழங்கையில் ஒரு தையல் தழும்பு இருக்கிறது. நீளம் மூன்றரை அங்குலம். அளந்தவன் நான்தான். டோர்விக் ஊர் பேஸ்பால் அணிக்குப் பத்தொன்பது ஆண்டுகளாகக் கணக்குத் தாள் எழுதி வருகிறேன். அளக்க முடிந்த எதையும் அளக்காமல் விட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. வார நாட்களில் தபால் நிலையத்தில் இருப்பேன். அங்கும் அதே குணம்தான் என்று ஊரில் சொல்வார்கள், பாராட்டாக அல்ல.

அந்தத் தழும்பு வந்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மூன்று கோடைகளுக்கு முன்பு எல்ம் கிராசிங் ஊரில், அவர்கள் மைதானத்தில், ஓர் ஆட்டம் பதின்மூன்று இன்னிங்ஸ் வரை இழுத்துக்கொண்டு போனது. தொடக்கம் முதல் கடைசி வரை பந்து வீசியவன் டெல்வின். நூற்று எழுபத்தொரு வீச்சு. ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் எங்கள் மேனேஜர் வெர்ன் அவனிடம், "எப்படி இருக்கு?" என்று கேட்பார். அவனும், "பரவாயில்லை" என்பான். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் அதே சொல்தான், வீடு தீப்பிடித்தாலும் அதே சொல்தான். ஆகவே வெர்னைக் குற்றம் சொல்ல முடியாது. மறுநாள் காலை டெல்வினால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. அவன் மனைவி மார்னி பொத்தானைப் போட்டுவிட்டு, அப்படியே வண்டியில் ஏற்றி நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். ஆட்டமும் தோற்றிருந்தோம்.

அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு கோடை முழுக்க அவன் பந்தைத் தொடவில்லை. தீவன ஆலையில் இடது கையால் மூட்டை தள்ளினான். அடுத்த கோடையில் மெல்ல மெல்லத் திரும்பி வந்தான். திரும்பி வருவதற்கு மார்னி ஒரு நிபந்தனை வைத்தாள். எங்கள் வட்டாரத்துக்கே கால்நடை மருத்துவர் அவள்தான். நிபந்தனையை என் தபால் ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டு, சாட்சிக்கு நான் இருக்கும்போதே சொன்னாள்.

"ஒரு நாளைக்கு நூத்திப்பத்து. அதுக்கு மேல ஒண்ணே ஒண்ணு போனாலும் அந்தக் கையுறை எனக்கு. அடுத்த கன்னுக்குட்டியை அதை மாட்டிக்கிட்டுத்தான் வெளிய இழுப்பேன்."

டெல்வின் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது இடது கை கையுறை" என்றான்.

"நான் ரெண்டு கையாலயும் இழுப்பேன்."

அதன் பிறகுதான் அந்தப் பலகை வந்தது. யோசனை என்னுடையது, எனவே அதன் விளைவுகளுக்கும் நானே பொறுப்பு. ஸ்கோர் பலகைக்குக் கீழே இன்னொரு சிறு பலகை தொங்கவிட்டு, டெல்வினின் ஒவ்வொரு வீச்சுக்கும் எண்ணை மாற்றினேன். மார்னி முதல் தளத்துக்கு, அதாவது பந்தை அடித்தவன் முதலில் ஓடிச் சேரும் இடத்துக்கு, பக்கத்து வேலியோரம் தன் பிக்கப் வண்டியை நிறுத்திக்கொண்டு பார்ப்பாள். எங்கள் மைதானத்தில் எல்லோரும் அப்படித்தான். வேலியைச் சுற்றி மூக்கை உள்ளே நீட்டிக்கொண்டு கார்கள் நிற்கும். கைதட்டுவதற்குப் பதில் ஹாரன் அடிப்பார்கள். வெளியூர் அணிகள் இதைப் பற்றி லீகுக்கு ஆறு முறை புகார் எழுதியிருக்கின்றன. ஆறு கடிதமும் என் வழியாகத்தான் போயின. ஒன்றைக்கூட நான் தாமதப்படுத்தவில்லை.

ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறு எல்ம் கிராசிங் எங்கள் ஊருக்கு வந்தது. ஜெயிப்பவர்கள் மாநிலப் போட்டிக்குப் போகலாம். டோர்விக் மாநிலப் போட்டிக்குப் போய் முப்பத்தொரு ஆண்டு ஆகிறது. அன்று போன பேருந்தில் இடம் கிடைக்காமல் வாசற்படியில் உட்கார்ந்து அழுத எட்டு வயதுப் பையன்களில் டெல்வினும் ஒருவன். இப்போது அவனுக்கு முப்பத்தொன்பது. அடுத்த ஆண்டும் ஆடுவாயா என்று அவனிடம் யாரும் கேட்பதில்லை.

அன்றைக்கு எங்களிடம் பந்து வீச வேறு பிட்சரும் இல்லை. ஒருவன் முந்தின நாளே முழு ஆட்டம் வீசிவிட்டான். லீக் விதிப்படி அவன் மூன்று நாள் ஓய்வில் இருக்க வேண்டும். இன்னொருவன் அக்காவின் கல்யாணத்துக்குப் போய்விட்டான். ஆகஸ்டில் கல்யாணம் வைத்த அந்தப் பெண்ணை ஊர் இன்னும் மன்னிக்கவில்லை. மிச்சம் இருந்தது முதல் தளத்தில் நிற்கும் கேலன். கேலனுக்குக் கையில் பலம் உண்டு, திசை கிடையாது. அவன் பந்தை எடுத்து ஓங்கினால் வேலியோரக் கார்களில் கண்ணாடிகள் தாமாக மேலேறும்.

ஆகவே கணக்கு எளிது. டெல்வின் நூற்றுப்பத்துக்குள் ஒன்பது இன்னிங்ஸையும் முடித்தாக வேண்டும்.

அவனுக்கு உதவியாக மைலோ மைதானத்தைத் தயார் செய்திருந்தார். மைலோ எங்கள் மைதானக்காரர். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிட்சர் நிற்கும் மேட்டை டெல்வினின் கால் விழும் இடத்துக்குத் தக்கபடி களிமண் வைத்து இடித்து இறுக்கியிருந்தார். வேறு எவன் அந்த மேட்டில் ஏறினாலும் அடுத்தவர் செருப்பில் கால் விட்டதுபோல் இருக்கும். உள்மைதானப் புல்லை ஒரு வாரமாக வெட்டவில்லை. தரையில் உருளும் பந்து அந்தப் புல்லில் களைத்துப் போய்த்தான் எங்கள் ஆட்களிடம் வந்து சேரும்.

மைலோவின் பெரிய வேலை முதல் தளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அது டிரே ஷுல்ட்ஸுக்காக. டிரே எல்ம் கிராசிங்கின் ஓட்டக்காரன், இருபத்திரண்டு வயது. ஜூனில் அவர்கள் ஊரில், சிமெண்ட் போன்ற அவர்கள் தரையில், ஒரே ஆட்டத்தில் ஐந்து முறை இரண்டாம் தளத்தைத் திருடியவன். மட்டைக்காரன் அடிப்பதற்குக் காத்திருக்காமல், பிட்சர் வீசத் தொடங்கிய நொடியில் கிளம்பிவிடுவான். மட்டைக்காரனுக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் பந்தைப் பிடித்து எறிவதற்குள் போய்ச் சேர்ந்து, தூசியைத் தட்டிக்கொண்டு நிற்பான்.

அம்பயர் ஆட்டத்துக்கு முன் மைதானத்தைச் சுற்றி வந்தார். முதல் தளத்திலிருந்து மூன்று எட்டு தாண்டியதும் அவர் ஷூ உள்ளே போயிற்று. இன்னும் ஐந்து எட்டு தூரத்துக்கு ஒரே சேறு.

"என்ன இது?"

"மழை சார்" என்றார் மைலோ.

"எங்க ஊர்ல பெய்யலையே."

"இங்க பெஞ்சுது."

"இங்க மட்டுமா? இந்த அஞ்சு எட்டுக்கு மட்டுமா?"

மைலோ வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "எங்க ஊர் மேகம் சின்னது சார்."

அம்பயர் உலர்த்தும் பொடியைத் தூவச் சொன்னார். மைலோ தூவினார், பாயசத்துக்கு ஏலக்காய் போடும் அளவுக்கு.

ஆட்டம் தொடங்கியது. முதல் மூன்று இன்னிங்ஸில் என் பலகையால் ஒரு சிக்கல் வந்தது. பலகையை நாங்கள் மட்டும்தான் பார்ப்போம் என்று நான் எப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. எல்ம் கிராசிங் மேனேஜருக்கும் கண் இருந்தது. மார்னியின் நூற்றுப்பத்து பற்றி வட்டாரத்துக்கே தெரியும். அவர் தன் ஆட்களிடம் உரக்கவே சொன்னார்.

"யாரும் அடிக்காதீங்கடா. சும்மா நில்லுங்க. அவன் கையை அவனே கரைச்சுக்கட்டும். ஏழாவது இன்னிங்ஸ்ல அந்த கேலன் வருவான், அப்ப அடிப்போம்."

அவர்கள் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள். டெல்வின் வழக்கம்போல் ஓரங்களில் நுணுக்கமாக வீசிக்கொண்டிருந்தான். அதில் பாதி ஸ்ட்ரைக், மூன்று சேர்ந்தால் மட்டைக்காரன் அவுட்; மீதிப் பாதி வீண், எண்ணிக்கையை மட்டும் ஏற்றும். மூன்று இன்னிங்ஸில் நாற்பத்தொன்பது ஆகிவிட்டது. வெர்ன் தொப்பியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, தலையில் இருந்த கொஞ்ச முடியையும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவது இன்னிங்ஸுக்குப் போகும்போது டெல்வின் நான் உட்கார்ந்து கணக்கெழுதும் பெட்டி அறைக்கு முன்னால் நின்றான்.

"லொவெல், அவங்க எத்தனை தடவை மட்டையை வீசினாங்க?"

தாளைப் பார்த்தேன். "இந்த இன்னிங்ஸ்ல ஒரு தடவைகூட இல்ல."

"சரி" என்று போனான்.

அதன் பிறகு நடுவில் வீசத் தொடங்கினான். வளைவும் இல்லை, வேகமும் இல்லை, தட்டில் வைத்து நீட்டுவது மாதிரி. நடுவில் வரும் பந்தை அடிக்காமல் விட்டாலும் அது ஸ்ட்ரைக்தான். சும்மா நிற்கச் சொன்னதால் அவர்களும் சும்மா நின்றார்கள். நான்காவது இன்னிங்ஸ் ஒன்பதே வீச்சில் முடிந்தது. ஐந்தாவது பத்தில் முடிந்தது. ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் கார்கள் ஹாரன் அடித்தன. பின்வரிசையில் ஒரு டிராக்டரும் அடித்தது. ஆறாவதில்தான் அவர்கள் மேனேஜருக்கு விஷயம் புரிந்தது. "அடிங்கடா, ஏன் நிக்கிறீங்க?" என்று தன் ஆட்களையே திட்டினார்.

ஆறாவதில் அவர்கள் இரண்டு ரன் எடுத்தார்கள். அவர்களுடைய பெரிய அடிக்காரன் வந்தபோது வெர்ன் அவனுக்கு அடிக்கக் கொடுக்காமல் தளத்தில் ஏற்றிவிடச் சொன்னார். எங்கள் லீகில் அதற்கும் நான்கு பந்தை வீசியே ஆக வேண்டும். டெல்வின் கேட்சரைத் தள்ளி நிற்கவைத்து, மெதுவாக நான்கு பந்தைத் தூக்கிப் போட்டான். எட்டாவதில் நாங்கள் மூன்றாவது ரன்னை எடுத்து 3–2 என்று முன்னேறினோம்.

இதற்கு நடுவே டிரே ஷுல்ட்ஸ் மூன்று முறை முதல் தளத்துக்கு வந்திருந்தான். மைலோவின் சேறு தன் வேலையைச் சரியாகவே செய்தது. டிரே தளத்திலிருந்து மூன்று எட்டு வருவான், சேற்றின் விளிம்பைப் பார்ப்பான், நின்றுவிடுவான். அங்கிருந்து ஓடினால் முதல் அடியே வழுக்கும். அதனால் அவன் ஓடவே இல்லை. ஆனால் வெர்னுக்கு ஜூன் மாதத்து ஐந்து திருட்டும் தூக்கத்தில் வந்துகொண்டிருந்தன. டிரே மூக்கைச் சொறிந்தால்கூட அவர் தொப்பி விளிம்பைத் தொடுவார். அதற்கு, முதல் தளத்துக்குப் பந்தை எறிந்து அவனை ஒட்டி நிற்கவை என்று பொருள். டெல்வின் எறிவான். டிரே சாவகாசமாகத் திரும்பி நிற்பான். வெர்ன் மறுபடி தொப்பியைத் தொடுவார்.

அந்த எறிதல்களுக்கு என் பலகையில் எண் மாறாது. மட்டை பிடித்தவனுக்கு வீசினால்தான் வீச்சு. விதிப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் தாளின் ஓரத்தில் ஒவ்வொரு எறிதலுக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸ். முதல் ஆள் அவுட். அடுத்து வந்த டிரே ஒரு பந்தைத் தட்டிவிட்டு முதல் தளத்துக்கு ஓடினான். பலகையில் தொண்ணூற்றாறு. இன்னும் இரண்டு அவுட் வேண்டும், பதினான்கு வீச்சு கையில் இருக்கிறது. மைலோ என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைக் காட்டினார். வெர்ன் தொப்பியைத் தொட்டார். டெல்வின் முதல் தளத்துக்கு எறிந்தான். தொப்பி. மறுபடி எறிந்தான்.

அப்போது ஒரு ஹாரன் அடித்தது. நீளமாக, நிற்காமல், ஒரே ஹாரன். மற்றக் கார்கள் எல்லாம் அமைதியாகிவிட்டன. மார்னியின் வண்டி.

நான் பலகையைப் பார்த்தேன். தொண்ணூற்றாறுதான். எண்ணிக்கைக் கருவியைப் பார்த்தேன். அதுவும் தொண்ணூற்றாறு. வெர்ன் என்னைப் பார்த்தார். மார்னி வண்டியிலிருந்து இறங்கி, இரண்டு கையிலும் இரண்டு பிளாஸ்டிக் வாளிகளோடு, வேலிக் கதவைத் திறந்துகொண்டு நேராக மேட்டுக்கு நடந்து வந்தாள். நான் தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். வெர்னும் ஓடி வந்தார். அம்பயரும் வந்தார்.

ஒரு வாளி காலி. இன்னொன்றில் மாட்டுக் காதில் குத்தும் மஞ்சள் வில்லைகள், எண் போட்டவை, வாய்வரை இருந்தன. டெல்வின் ஒவ்வொரு முறை வீசும்போதும் ஒரு வாளியிலிருந்து ஒன்றை எடுத்து இன்னொன்றில் போட்டு வந்திருக்கிறாள். என் பலகையை அவள் ஒருநாளும் நம்பியதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் வலித்தது.

"நூத்திப்பத்து" என்றாள்.

"டாக்டரம்மா, பலகையைப் பாருங்க" என்றார் வெர்ன். "தொண்ணூத்தாறு. இன்னும் பதினாலு இருக்கு."

"முதல் தளத்துக்கு எறிஞ்சதெல்லாம் யாரு எறிஞ்சா? மைலோவா?"

"அது வீச்சு இல்லையே. புத்தகத்துல..."

"வெர்ன், முழங்கைக்குப் புத்தகம் படிக்கத் தெரியாது. பந்து மட்டைக்குப் போகுதா, தளத்துக்குப் போகுதான்னு அது கேக்காது. எறிஞ்சா எறிஞ்சதுதான்."

வெர்ன் என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு கெஞ்சல். "லொவெல், தளத்துக்கு ஒரு ஆறு, ஏழு எறிஞ்சிருப்பான். அவ்வளவுதானே?"

மேட்டைச் சுற்றி எல்லோரும் என் தாளைப் பார்த்தார்கள். டெல்வின் மட்டும் பார்க்கவில்லை. அவன் பந்தைக் கையுறைக்குள் உருட்டிக்கொண்டிருந்தான். நான் புள்ளிகளை எண்ணினேன். ஒரு முறை எண்ணியதே போதும். ஆனாலும் இரண்டாம் முறை எண்ணினேன், வேறு எண் வந்தால் நன்றாக இருக்குமே என்று.

"பதினாலு" என்றேன்.

"நீ எல்லாம் ஒரு உள்ளூர்க்காரனாய்யா?" என்றார் வெர்ன்.

அம்பயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இவங்க யாரு? கோச்சா?"

"மனைவி" என்றான் டெல்வின்.

"அதுக்கு விதி இல்லையே. சரி, மேட்டுக்கு வந்த ஒரு விசிட்னு வெச்சுக்கறேன். இந்த இன்னிங்ஸ்ல இன்னொரு தடவை வந்தீங்கன்னா பிட்சரை மாத்தியாகணும்."

"மாத்தத்தான் வந்திருக்கேன்" என்றாள் மார்னி.

முதல் தளத்தில் கேலன் கையைச் சுழற்றிப் பார்த்தான். வேலியோரம் நான்கைந்து கார்களில் கண்ணாடி ஏறும் சத்தம் கேட்டது. எல்ம் கிராசிங் பெஞ்சில் சிரிப்பு. "வாங்க கேலன் சார், வாங்க" என்று எவனோ கூப்பிட்டான்.

டெல்வின் மெல்லச் சொன்னான்: "மார்னி, ரெண்டு பேருதான் பாக்கி."

"கையைக் காட்டு."

காட்டினான். நொண்டும் மாட்டின் காலைப் பார்ப்பதுபோல் மடக்கினாள், நீட்டினாள், கட்டைவிரலால் உள்பக்கம் அழுத்தினாள்.

"இங்க?"

"பரவாயில்லை."

"பரவாயில்லைன்னு என்கிட்ட சொல்லாத. மாடாவது உதைக்கும். உன்கிட்ட அதுவும் கிடையாது." கையை விட்டாள். "களைச்சிருக்கு. இன்னும் பிசகல. பிசகறதுக்கு முன்னாடி நிறுத்தணும்னுதான் நம்பர். நம்பர் முடிஞ்சது."

அவன் தலையாட்டினான். வாதாடவில்லை. பந்தைக் கையுறையிலிருந்து எடுத்து வெர்னிடம் நீட்டினான். அந்த நீட்டலைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகத் தாளைப் பார்த்தேன். ஆறாவது இன்னிங்ஸ் வரிசையில் கண் நின்றது.

"டாக்டரம்மா, ஒரு விஷயம்."

"சொல்லுங்க."

"ஆறாவதுல அந்தப் பெரிய ஆளை வேணும்னே தளத்துல ஏத்திவிட்டோம். நாலு பந்து. பூனைக்குட்டிக்குப் பந்து போடற மாதிரி தூக்கிப் போட்டான். புத்தகத்துப்படி அது நாலு வீச்சு. பலகையில நான் சேத்துட்டேன். ஆனா நீங்க புத்தகத்துப்படி எண்ணலையே. முழங்கைப்படி எண்ணறீங்க. முழங்கைக்கு அது வீச்சா?"

மார்னி என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். பிறகு குனிந்து நான்கு வில்லைகளை எண்ணி எடுத்தாள்.

"நாலு" என்றாள். "நாலே நாலு. எந்தப் பக்கம் எறிஞ்சாலும் நாலு."

அந்த நான்கையும் எல்லோருக்கும் தெரிகிறமாதிரி வேலிக் கம்பியில் வரிசையாக மாட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். வெர்ன் என் தோளைத் தட்டினார். உள்ளூர்க்காரன் பட்டம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் வீச்சு. மட்டைக்காரன் அவசரப்பட்டு அடித்தான். பந்து நேராக மேலே போய் எங்கள் மூன்றாம் தளத்துக்காரன் கையில் இறங்கியது. இரண்டாவது அவுட். ஹாரன்கள். மார்னி கையை நீட்டி ஒரு வில்லையை எடுத்தாள். மிச்சம் மூன்று.

அடுத்தவன் வந்தான். அவன் காதில் அவர்கள் மேனேஜர் ஏதோ சொல்லி அனுப்பினார். டெல்வின் வீசினான், ஸ்ட்ரைக். மறுபடி வீசினான். பந்து கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. வீண். கம்பியில் ஒரே ஒரு வில்லை ஆடிக்கொண்டிருந்தது.

இப்போது நிலைமையைச் சொல்கிறேன். மட்டைக்காரனை வெளியேற்ற இன்னும் இரண்டு ஸ்ட்ரைக் வேண்டும். டெல்வினிடம் ஒரு வீச்சுதான் இருக்கிறது. எல்ம் கிராசிங் மேனேஜர் படிக்கட்டில் ஏறி நின்று கத்தினார்.

"மட்டையைத் தோள்லயே வெச்சுக்கடா. ஒண்ணுதான் பாக்கி. ஆடாதே, அசையாதே, தும்மாதே."

அவன் மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு சிலை மாதிரி நின்றான். எங்கள் பக்கத்தில் ஒரு ஹாரன்கூட இல்லை.

டிரே ஷுல்ட்ஸுக்கும் கம்பி தெரிந்தது. ஒரு பந்துதான் இருக்கிறது என்றால், அதை அவனைப் பிடிக்க யாரும் செலவழிக்க மாட்டார்கள். அப்படியே முதல் தளத்துக்கு எறிந்தாலும் அங்கே நிற்பது கேலன். கேலன் இரண்டாம் தளத்துக்கு எறிந்தால் அது எந்த வண்டியின் மேல் விழும் என்பது மட்டும்தான் கேள்வி. டிரே சேற்றின் விளிம்புக்கு வந்தான். அங்கே நின்று ஷூவைத் தட்டினான். பிறகு சேற்றை ஜாக்கிரதையாக, புடவைக் கரையைத் தூக்கிப் பிடித்தவள் மாதிரி, ஐந்து எட்டில் கடந்து அந்தப் பக்கத்து உலர்ந்த தரையில் போய் நின்றான். முதல் தளத்துக்கும் அவனுக்கும் நடுவே மைலோவின் மழை முழுதும் கிடந்தது.

"என்ன அண்ணே" என்று டெல்வினைப் பார்த்துச் சொன்னான், "எறியறீங்களா? யோசிச்சு எறியுங்க. வீட்டுல திட்டுவாங்க."

அவர்கள் பெஞ்ச் உருண்டு புரண்டு சிரித்தது. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு டிரேயும் தன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

வெர்ன் பழக்கத்தில் தொப்பியைத் தொட்டார். உடனே சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார்.

டெல்வின் மேட்டில் பதித்த வெள்ளைப் பலகையிலிருந்து காலைப் பின்னால் எடுத்து வைத்தான். விதிப்படி அந்த நொடியிலிருந்து அவன் பிட்சர் அல்ல, மைதானத்தில் நிற்கும் இன்னொரு ஆள். பந்து கையில் இருந்தது. அதை எறியவில்லை. மேட்டிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கினான்.

தீவன மூட்டை தூக்கும் ஆள் ஓடுவதுபோல்தான் ஓடினான், அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் டிரேயை நோக்கி ஓடவில்லை. டிரேக்கும் இரண்டாம் தளத்துக்கும் நடுவில் போய் வழியை அடைப்பதற்காக ஓடினான். டிரே சிரிப்பு மாறாமல் திரும்பியபோது பாதி வழி அடைபட்டிருந்தது. ஒரு எட்டு இரண்டாம் தளத்தின் பக்கம் வைத்தான். டெல்வின் அங்கே இருந்தான். இனிப் போகக்கூடிய ஒரே இடம் முதல் தளம். அதற்கு வழி ஒன்றுதான்.

முதல் எட்டு நன்றாகவே விழுந்தது. இரண்டாவது எட்டில் வலது ஷூ சேற்றிலேயே நின்றுவிட்டது, கால் மட்டும் வந்தது. மூன்றாவது எட்டுக்கு டிரே மல்லாந்து கிடந்தான், வட்டாரத்திலேயே வேகமான ஆள், ஒரு சாக்ஸோடு. டெல்வின் அவனை ஒட்டி முழங்காலிட்டு, கையிலிருந்த பந்தை அவன் வயிற்றில் மெதுவாக வைத்தான்.

"எறியலை தம்பி" என்றான். "பாத்தியா."

அம்பயர் கையை உயர்த்தினார், மூன்றாவது அவுட், ஜெயித்துவிட்டோம். அதற்கப்புறம் இரண்டு நிமிடம் ஹாரன் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. டிராக்டர்காரர் எஞ்சினையே முறுக்கிக்கொண்டிருந்தார். மைலோ சேற்றில் இறங்கி டிரேயின் ஷூவைப் பிடுங்கி, துடைத்து, இரண்டு கையாலும் அவனிடம் கொடுத்தார்.

"மழை சரியில்லப்பா" என்றார்.

எல்ம் கிராசிங் மேனேஜர் அம்பயரிடம் போய், மனைவிமார் மைதானத்துக்குள் வந்ததற்கு ஒரு புகார், சேற்றுக்கு ஒரு புகார், ஹாரனுக்கு ஒரு புகார் என்று மூன்று எழுதப்போவதாகச் சொன்னார். திங்கள்கிழமை காலை ஒன்பதுக்குத் தபால் ஜன்னல் திறக்கும் என்று அவருக்கு நான் தெரிவித்தேன்.

கூட்டம் கொஞ்சம் தணிந்த பிறகு டெல்வின் மேட்டில் உட்கார்ந்து ஷூவின் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். மார்னி வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பி, வேலிக் கதவு வழியாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள், மட்டை, கையுறை மூட்டைகளை ஏற்ற. காலி வாளி வண்டியின் பின்தட்டில் இருந்தது. வெர்ன் அவளிடம் போனார். ஜெயித்த தைரியத்தில் இருந்தார்.

"டாக்டரம்மா, தப்பா நினைக்காதீங்க. மாநிலப் போட்டிக்கு அந்த நூத்திப்பத்தை ஒரு நூத்தி முப்பதாக்க முடியுமா? நீங்களே பாத்தீங்க. அவனுக்குக் கை இன்னும் நல்லாத்தானே இருக்கு."

மார்னி வேலிப் பக்கம் போனாள். கம்பியில் மிச்சம் இருந்த கடைசி வில்லையை எடுத்து டெல்வினிடம் காட்டினாள்.

"ஒண்ணு பாக்கி இருக்கு. அது உன்னோடது. இந்த வாளிக்குள்ள போடு பாப்போம்."

மேட்டிலிருந்து வாளி இருபது எட்டு. வட்டாரத்தில் இவனைவிடக் குறி தவறாத கை கிடையாது. டெல்வின் எழுந்தான், பந்தை விரலில் ஒருமுறை திருப்பினான், வீசினான்.

வாளி அசையவே இல்லை. பந்து இரண்டு அடி தள்ளிப் போய் வண்டியின் பின்விளக்கை உடைத்தது. சிவப்புக் கண்ணாடி புல்லில் சிதறியது.

கேலன், "என்கிட்ட கொடுத்திருக்கலாம்" என்றான்.

"நூத்திப்பத்துதான்" என்றார் வெர்ன், தொப்பியைக் கழற்றிக்கொண்டே.

டெல்வின் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு உடைந்த விளக்கைப் பார்த்தான். மார்னி கடைசி வில்லையை அவன் தொப்பியின் ஓரத்தில் குத்திவிட்டாள், வண்டியின் கதவைத் திறந்தாள்.

"கை எப்படி இருக்கு?"

வாயைத் திறந்தவன் ஒரு கணம் நிறுத்தினான்.

"வலிக்குது" என்றான்.

"பரவாயில்லை" என்றாள் மார்னி. "ஏறு."

நான் என் பெட்டிக்குத் திரும்பிப் போய், பலகையில் இருந்த தொண்ணூற்றொன்பதைக் கழற்றிவிட்டு, தாளின் ஓரத்துப் புள்ளிகளை மறுபடி எண்ணினேன். தொண்ணூற்றொன்பது, பதினாலு. கழித்தல் நாலு. நூற்றொன்பது. பின்விளக்கையும் சேர்த்தால் சரியாக நூற்றுப்பத்து. கீழே கோடு போட்டுக் கையெழுத்திட்டேன்.